தடம் அடைச்சா கேஸ் ஆகுமா?

"தடத்துல கல்லுக்கால் நட்டுட்டானுங்க, கேஸ் போடுங்க சார்" என்று ஸ்டேஷனுக்குள் போனால் ரைட்டர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தடம் பொதுவா, பட்டாவா?" "எங்க பாட்டன் காலத்துல இருந்து போயிட்டு இருக்கறமுங்க" என்று பதில் வந்தால் மனு அந்த நிமிடமே சிவில் ஆகிவிடும். மனு வாங்கிக்கொண்டதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, இரு தரப்பையும் கூப்பிட்டு ஒரு பேச்சு, "கோர்ட்டுல பாத்துக்குங்க" என்று ஒரு வழியனுப்பு. பாட்டன் போனது பொய்யில்லை. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

கொங்குச் சீமையில் தடம் என்கிற ஒரே சொல்லுக்குள் நாலு வகைப் பாதை இருக்கிறது. முதல் வகை, தனிப் புல எண்ணோ உட்பிரிவு எண்ணோ பெற்று, அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) வண்டிப்பாதை புறம்போக்கு என்று ஏறியிருப்பது. பழைய இட்டேரிகளில் பல இந்த வகைதான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாடும் வண்டியும் போன மண் பாதை. கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடும்போதெல்லாம் கல்லுக்கால் ஒரு முழம் உள்ளே நகரும். இன்றைக்கு டிராக்டர் நுழையாத இட்டேரிகளும் வரைபடத்தில் பழைய அகலத்தோடு அப்படியே கிடக்கின்றன. இரண்டாவது, பட்டாக் காட்டுக்குள் ஓடுவது. புலப்படத்தில் இரட்டைப் புள்ளிக்கோடாகத் தெரியும், ஆனால் மண் ஒருவர் பேரில் இருக்கும். மூன்றாவது, கிரயப் பத்திரத்தில் மட்டும் உயிரோடு இருக்கும் தடபாத்தியம், அதாவது வழி உரிமை: "வண்டி வாகனம், ஆள், கால்நடை போகவர உள்ள மாமூல் தடபாத்தியம் சகிதம்" என்று ஒரு வரி. நான்காவது, சைட் போட்டவர் பிரித்து விட்ட ரோடு. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக இருந்தால் அந்த ரோடு தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போயிருக்கும். அங்கீகாரம் இல்லாத சைட்டில் அது மனை வாங்கியவர்களின் பத்திர உரிமை மட்டும்தான்.

முதல் வகையையும், உள்ளாட்சிக்குப் போய்விட்ட சைட் ரோட்டையும் அடைத்தால் குற்ற வழக்கு நேராகப் பொருந்தும். இரண்டாவது வகையில், நிலம் பட்டாவாக இருந்தாலும் ஊர் முழுக்கப் பயன்படுத்திய பாதை பொதுப்பாதை ஆகலாம். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை மனுதாரர் தலையில். மூன்றாவது வகைக்குப் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றம்தான். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எழுதுகிற மனு எந்த மேசைக்குப் போனாலும் திரும்பி வரும்.

பொதுப்பாதையை அடைப்பதற்கு இப்போதைய பிரிவு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 285. 2024 ஜூலை 1க்கு முன் இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283. சிறை கிடையாது, அபராதம் மட்டும். பழைய சட்டத்தில் 200 ரூபாய் வரை, இப்போது 5,000 வரை. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீனில் விடக்கூடிய குற்றம். பாதையை மறித்து ஏதாவது செய்வது மட்டுமல்ல, தன் பொறுப்பில் உள்ள பொருளைக் கவனிக்காமல் விட்டு அதனால் தடை உண்டானாலும் இது பொருந்தும். கிணறு வெட்டிய மண்ணை இட்டேரியில் கொட்டிவிட்டு மறந்தவர், பாதையில் சாய்ந்த தென்னையை அகற்றாதவர், வீடு கட்டும் ஜல்லியை ரோட்டில் குவித்துவிட்டு மாதக்கணக்கில் விட்டவர் எல்லாரும் இதற்குள் வருவார்கள். தார் ரோட்டில் சோளக்கதிரும் கொள்ளும் பரப்பி லாரிச் சக்கரத்தில் தாம்படிப்பதும் இதே 285தான். இரவில் வரும் பைக்காரர் அதில் வழுக்கி விழுந்து சாகும்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். களத்து வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் வருகிற வினை அது.

285க்கு ஒரு நிபந்தனை உண்டு: யாராவது ஒருவருக்குத் தடை ஏற்பட்டிருக்க வேண்டும். "பொதுமக்களுக்குப் பெருத்த தொல்லை" என்ற வரி கோர்ட்டில் எதையும் நிறுவாது. தேதி, நேரம், புல எண், எத்தனை மீட்டர் அகலத் தடம், அதில் எத்தனை கல்லுக்கால், காலை எத்தனை மணிக்கு எந்தப் பால்வண்டி திரும்பிப் போனது, ஓட்டியவர் பெயர் என்ன என்று எழுத வேண்டும். இடத்தைச் சொல்லப் பக்கத்து மின்கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிடுவது நல்ல வழக்கம். புல எண் தெரியாத போலீஸ்காரரும் அதை வைத்து வந்து சேருவார். போட்டோவில் அளவு டேப்பும் ஏதாவது ஒரு நிலையான அடையாளமும் தெரிய வேண்டும். போனில் எடுத்த படத்தை நீதிமன்றத்தில் சேர்க்க புதிய சாட்சியச் சட்டம் 63இன் கீழ் இரு பகுதிகள் கொண்ட சான்றிதழ் வேண்டும் என்பதால் மூலக் கோப்பு உள்ள போனை மாற்றிவிடக் கூடாது. வாட்ஸப்பில் வந்த நகலை வைத்துக்கொண்டு நிற்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

285க்குத் துணையாகப் போலீஸ் சேர்ப்பது 126(2), பழைய 341: ஒருவரைச் சட்டவிரோதமாகத் தடுத்தல். ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பாதை தனியார் பாதையாக இருந்து, அதை அடைக்கத் தனக்கு உரிமை உண்டு என்று அடைத்தவர் நல்லெண்ணத்தோடு நம்பியிருந்தால் அது குற்றமே அல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். அதனால்தான் மறுபடி அதே கேள்விக்கு வருகிறோம்: பொதுவா, பட்டாவா?

பதில் காகிதத்தில்தான் இருக்கிறது. அரசின் இணையச் சேவையில் அ-பதிவேடும் புலப்படமும் கிடைக்கும். உங்கள் புல எண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதாது, தடம் தொடும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எடுக்க வேண்டும். புலப்படத்தை வீட்டில் பிரின்ட் எடுத்து ஸ்கேல் வைத்து அளப்பவர்கள் உண்டு. தாளுக்குப் பொருந்தும்படி கணினி படத்தைச் சுருக்கியிருக்கும். 1:2000 அளவுப் படத்தில் 3 மீட்டர் தடம் என்பதே ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஒரு முழ ஆக்கிரமிப்பை அதில் பார்க்க முடியாது. அகலத்துக்கு நில அளவரை வைத்து அத்துக்காட்ட (எல்லை அளந்து காட்ட) சொல்லி மனுப் போட்டு, அவர் கையெழுத்திட்ட வரைபட நகலை வாங்குவதே வழி. அளக்கும் நாளில் எதிர்த்தரப்புக்கு முறையாக அறிவிப்புப் போயிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு இல்லாத அளவை பின்னால் ஒரே வரியில் தள்ளுபடி ஆகும்.

1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். சமயத்தில் பல தடங்கள் பக்கத்துப் பட்டாவோடு கலந்துபோயின. எனவே இன்றைய அ-பதிவேட்டில் பாதை இல்லை என்றால் மனசு விட வேண்டாம். யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் சான்று நகலையும், பழைய கிராம வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். அதைவிடக் கூர்மையான ஆயுதம் எதிராளியின் சொந்தப் பத்திரம். அவர் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு, பழைய கிரயங்களின் சான்று நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கினால், நான்கெல்லையில் "தென்வடல் வண்டித்தடத்துக்கும் கிழக்கு" என்றோ "இட்டேரிக்கும் வடக்கு" என்றோ ஒரு வரி இருக்க வாய்ப்புண்டு. தன் அப்பாவும் தாத்தாவும் கையெழுத்திட்ட பத்திரத்தில் தடம் இருக்கும்போது "இங்கே தடமே இல்லை" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு நம்பினார் என்று சொல்வது கடினம்.

ஊராட்சி அந்தப் பாதையில் பணம் செலவழித்திருந்தால் அதுவும் வலுவான சாட்சி. 100 நாள் வேலையில் மண் போட்டது, ஜல்லி விரித்தது, தெருவிளக்குக் கம்பம் நட்டது எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு சாலைப் பதிவேட்டு நகலும் வேலை மதிப்பீடும் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வாய்க்கால் கரைத் தடத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கரைகள் பாசனத் துறையின் ஆய்வுப் பாதைகள். அங்கே துறையே கேட் போட்டால் 285 பேச முடியாது.

காகிதம் கையில் வந்த பிறகு ஸ்டேஷனை விடப் பயனுள்ள கதவு கோட்டாட்சியர் அலுவலகம் என்பது எங்கள் கருத்து. போலீஸ் வழக்கில் அடைத்தவர் அபராதம் கட்டுவார். கல்லுக்கால் அங்கேயேதான் நிற்கும். கல்லுக்காலைப் பிடுங்க வைப்பது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152, பழைய நடைமுறைச் சட்டத்தின் 133. பொதுப்பாதையின் தடையை இத்தனை நாளுக்குள் அகற்று, இல்லாவிட்டால் ஆஜராகிக் காரணம் சொல் என்று கோட்டாட்சியர் நிபந்தனை ஆணை போடலாம். எதிராளி வந்து "இது பொதுப்பாதையே அல்ல" என்று மறுத்தால் 156இன் கீழ் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். அவர் மறுப்புக்கு நம்பத்தக்க ஆதாரம் இருப்பதாகக் கோட்டாட்சியர் கண்டால், உரிமையியல் நீதிமன்றம் முடிவு செய்யும் வரை நடவடிக்கை நிற்கும். ஆதாரம் இல்லையென்றால் நடவடிக்கை தொடரும். ஆணை உறுதியான பின்னும் அகற்றவில்லை என்றால் அரசே அகற்றிச் செலவை அவர் சொத்திலிருந்து வசூலிக்கலாம். கீழ்ப்படியாமைக்கு பி.என்.எஸ். 223இன் கீழ் தனி வழக்கும் வரும். விசாரணையை 90 நாளில், காரணம் எழுதி 120 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. மனுவில் சட்டப் பிரிவைக் குறிப்பிடாமல் "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால், அது வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கி, "மனுதாரர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம்" என்ற பதிலோடு ஏறி வரும். மனுவின் தலைப்பிலேயே பி.என்.எஸ்.எஸ். 152 என்று இருக்கட்டும்.

பட்டாத் தடம், பத்திரத் தடம் என்றால் 152 இல்லை, 166, பழைய 147. இங்கே ஒரு காலக்கெடு ஒளிந்திருக்கிறது. ஆண்டு முழுக்கப் பயன்படுத்தும் தடம் என்றால், தகவல் கோட்டாட்சியருக்குப் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீங்கள் அதில் போய்வந்திருக்க வேண்டும். வெள்ளாமைக் காலத்தில் மட்டும் போகிற தடம் என்றால் கடைசிப் பருவத்தில் போயிருக்க வேண்டும். ஊர்ப்பெரியவர்கள் பேசிக்கொண்டே ஆறு மாதம் கடத்தினால் இந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பேச்சு நடக்கட்டும், நல்லதுதான். பேச்சு தொடங்குகிற அன்றே மனுவையும் பதிவுத் தபாலில் போட்டுவிட வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்திலும் இதே கதைதான். 20 ஆண்டு அனுபோகத்தால் வழியுரிமை கோருபவர், அந்த 20 ஆண்டு வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்ததாகக் காட்ட வேண்டும். தடம் அரசு நிலத்தில் ஓடினால் 20க்குப் பதில் 30.

கல்லுக்கால் நடுவதும் ஜேசிபி வைத்துக் குழி வெட்டுவதும் ஒன்றல்ல. பொதுச்சாலையை வெட்டிப் போக முடியாதபடியோ ஆபத்தாகவோ ஆக்கினால் பி.என்.எஸ். 326(பி) வரும், ஐந்து ஆண்டு வரை சிறை. 200 ரூபாய் குற்றம் என்று பழைய ஞாபகத்தில் ஜேசிபிக்கு வாடகை பேசுபவர்களுக்கு இது தெரிவதில்லை. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8பி-யும் அதே ஐந்தாண்டு. இந்த வகைப் புகாரில் போலீஸ் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யலாம் என்பதால் உடனே எஃப்.ஐ.ஆர். வரவில்லை என்று பதறத் தேவையில்லை. 14 நாளுக்குப் பிறகும் ஒன்றும் இல்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 173(4)இன் கீழ் எஸ்.பி.க்குத் தபாலில் புகார், அதற்கும் பதில் இல்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3) மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது இல்லாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போனால் மனு நிற்காது.

இந்தச் சண்டையில் நியாயம் இருப்பவரும் குற்றவாளி ஆகிற இடம் ஒன்று உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக கட்டிங் பிளேயரை எடுத்துப் போய் வேலியை வெட்டுவது. அடுத்த நாள் அவர் மேல் சொத்துச் சேதத்துக்கு பி.என்.எஸ். 324, அத்துமீறி நுழைந்ததற்கு 329, கூடவே கெட்ட வார்த்தைக்கு 296(பி), அடிக்கு 115(2), மிரட்டலுக்கு 351 என்று ஒரு கட்டு ஏறும். அதன் பிறகு ஸ்டேஷனில் தடம் பற்றிய பேச்சே இருக்காது. "ரெண்டு பேரும் கேஸை வாபஸ் வாங்கிக்குங்க" என்பதில்தான் முடியும். அளவுக்கல்லைப் பிடுங்குவதும் தனிக் குற்றம். இன்னொன்று: தடம் அடைத்த வழக்கில் சமாதானம் ஆனாலும் 126(2) மட்டும்தான் இருவர் சம்மதத்தில் முடியும். 285 பொதுமக்களுக்கு எதிரான குற்றம், சமரசப் பட்டியலில் இல்லை. உயர்நீதிமன்றத்தில் ரத்து மனுப் போடுவது, இல்லை வழக்கை நடத்துவது.

ஒரு வகைத் தடை மேலே சொன்ன எதற்கும் அடங்காது. காலனிக்குப் போகிற பாதையை, சுடுகாட்டுக்குப் பிணம் கொண்டுபோகிற பாதையை, "எங்க காட்டு வழியா வரக்கூடாது" என்று மறிப்பது. நம் பக்கத்தில் இதை நிலத்தகராறு என்றே பெயர் சொல்லிப் பூசி மெழுகுவார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுவழியிலோ இடுகாட்டிலோ மற்றவர்க்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுத்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)இன் இசட்.ஏ. உட்பிரிவு பொருந்தும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறை. முன்ஜாமீன் கிடையாது. டி.எஸ்.பி.தான் விசாரிக்க வேண்டும். புகாரில் தடத்தின் அகலத்தைவிட, மற்ற சாதியார் அதே தடத்தில் போய்வருகிறார்கள் என்பதற்கான சாட்சியமும், மறித்தபோது சொன்ன சொற்களும் முக்கியம். சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். சாதிச் சான்றிதழ் நகலை முதல் நாளே இணைத்துவிட்டால் ஒரு சாக்குக் குறையும்.

இனி மறியல். தண்ணீர் வரவில்லை, கூலி உயரவில்லை, பஸ் நிற்கவில்லை என்று பல்லடத்திலோ காங்கயத்திலோ ரோட்டில் உட்கார்ந்தவர்கள் மேல் வரும் பிரிவுகள் அநேகமாக ஒன்றேதான்: 189(2) சட்டவிரோதக் கூட்டம், 126(2), 285, சமயத்தில் 223. ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் 189 வந்துவிடும். கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்து, மத்தியானம் சோறு போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். "விட்டுட்டாங்க, முடிஞ்சுது" என்று எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். எஃப்.ஐ.ஆர். அங்கேயே இருக்கும். பேரும் அப்பா பேரும் ஊரும் மண்டபத்தில் எழுதிக்கொடுத்தது நினைவில்லாமல் போன பிறகு சம்மன் வரும். வராமலும் போகலாம், ஊரில் இல்லாதவருக்குச் சம்மன் சேராமல் நேராகப் பிடிவாரண்ட் ஆனதும் உண்டு. அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை இ-கோர்ட்ஸ் தளத்தில் ஸ்டேஷன் பெயரும் எஃப்.ஐ.ஆர். எண்ணும் போட்டுத் தேடுவது ஐந்து நிமிட வேலை.

இந்த வழக்குகளில் பார்க்க வேண்டியவை இரண்டு. 223இல் (பழைய 188) சம்பந்தப்பட்ட அரசு அலுவலர் எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும். போலீஸ் தானே எஃப்.ஐ.ஆர். போட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது செல்லாது என்று 2018இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாகச் சொல்லிவிட்டது. அடுத்தது காலவரம்பு. அபராதம் மட்டுமே உள்ள 285க்கு ஆறு மாதம். 189(2), 126(2) சேர்ந்திருந்தால் ஓராண்டு. பி.என்.எஸ்.எஸ். 514இன் இந்தக் கெடுவுக்குள் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்க வேண்டும்; புதிய சட்டம் பார்க்கச் சொல்வது அந்தத் தேதியைத்தான். பழைய சட்டத்தில் எந்தத் தேதியைப் பார்ப்பது என்ற குழப்பத்தை 2013இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்தது: தாக்கல் செய்த தேதிதான், நீதிமன்றம் கோப்பில் எடுத்த தேதி அல்ல. தாமதத்தை மன்னிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் காரணம் இருக்க வேண்டும். சம்மன் வந்தவுடன் சம்பவத் தேதியையும் எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிடுங்கள். வேலியை எடுக்காமல் வைத்திருப்பவர் மட்டும் இந்தக் கெடுவை நம்ப வேண்டாம். அது தொடர்குற்றம், தடை நிற்கும் ஒவ்வொரு நாளும் கெடு புதிதாகத் தொடங்கும்.

கோர்ட் வராந்தாவில் "ஃபைனைக் கட்டிட்டு வந்தர்லாமுங்க" என்று ஒருவர் சொல்லுவார். தோட்டம் பார்க்கிற அறுபது வயதுக்காரருக்கு அது சரியாக இருக்கலாம். காவலர் தேர்வுக்குப் படிக்கிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்குச் சரியல்ல. அபராதம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது, ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. விண்ணப்பத்தில் "வழக்கு உண்டா" என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதுவது அதைவிட மோசம்; மறியல் வழக்கால் போகாத வேலை மறைத்ததால் போகும். உண்டு என்று எழுதி, எஃப்.ஐ.ஆர். நகலையும் வழக்கு நிலையையும் இணைத்துவிட்டு, வழக்கை நடத்தி விடுதலை வாங்குவதோ ரத்து மனுப் போடுவதோதான் அவனுக்கு. எஃப்.ஐ.ஆர். நகல் ஸ்டேஷனில் கிடைக்கவில்லை என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எண் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம்.